தொப்பையை யாரும் கேட்கவில்லை

ஒரு நீர்யானையை, பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் ஆக்க வேண்டும். கதைக்காரிக்கு அந்த வருஷம் கொடுக்கப்பட்ட வேலை அதுதான். கேட்பதற்கு ஏதோ மந்திரவாதி வேலை மாதிரி இருக்கும். உண்மையில் அது மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், ஆறிப்போன டீ சம்பந்தப்பட்ட வேலை.

நீர்யானையின் பெயர் தொப்பை. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில், நீர்ச்சறுக்கு வாசலில், நீலக் குடையோடு நின்று குழந்தைகளுக்குக் கை காட்டும். அதற்கு மூன்று கூட்டாளிகள். நின்ற இடத்தில் நிற்காத அணில், பெயர் பம்பரம். ஒல்லிக் கொக்கு, அது ஊசி. வாய் மூடாத கிளிக்கு லொடலொடா. எல்லாம் உள்ளே ஆள் புகுந்து நடக்கும் பஞ்சு வேஷங்கள்தான். ஆனால் அதை ஒரு குழந்தையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பாடு தெரியும்.

இந்த நான்கு பேரையும் வைத்துப் பூங்கா மாதம் ஒரு படக்கதை இதழ் வெளியிட்டது. அட்டையில் ‘மூன்று வயது முதல் நூறு வயது வரை’ என்று போட்டிருக்கும். நூற்றியோராவது பிறந்தநாளன்று இதழைப் பிடுங்கிக்கொள்வோமா என்று ஓவியர் ஒருமுறை கூட்டத்தில் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. கதைக்காரி எழுதுவாள், ஓவியர் வரைவார், இரண்டு பேர் செய்ததையும் சிவப்பு மை அடிப்பார்.

சிவப்பு மை என்பது மனிதர்தான். பூங்காவின் பாத்திரங்களுக்கெல்லாம் பொறுப்பாளர். பக்கம் பக்கமாகச் சிவப்புப் பேனாவால் கிழித்துக் கிழித்து அந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. கெட்டவர் இல்லை. உலகத்தில் எந்தக் குழந்தையும் எதற்காகவும் அழக் கூடாது என்று மனதார நினைக்கிறவர். அப்படி நினைக்கிறவர்களோடு வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவருடைய முதல் சட்டம்: வேஷத்தால் முடியாததைப் படத்திலும் செய்யக் கூடாது. தொப்பையின் தலை வேஷத்தில் இமை கிடையாது. அதனால் படக்கதையில் தொப்பை தூங்கியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கதைக்காரி இது புரியாமல் தொப்பையை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து எழுதிவிட்டாள். எப்படியோ சிவப்பு மையின் கண்ணுக்கும் தப்பிவிட்டது. அடுத்த வாரமே ஒரு சிறுமி பூங்காவுக்கு வந்து, “தொப்பை, உக்காரு” என்று அடம் பிடித்திருக்கிறாள். உள்ளே இருந்த ஆள் பாவம், குழந்தை மனம் நோகக் கூடாது என்று முயற்சி பண்ணி, மல்லாந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஆமை மாதிரி கிடந்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து தொப்பை எந்தக் கதையிலும் உட்காரவில்லை.

இரண்டாவது சட்டம்: யாரும் அழக் கூடாது, யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, யாரும் தொலையக் கூடாது. ‘போறேன்’ என்ற சொல் வரவே கூடாது. “சரி சார், ‘போயிட்டு வரேன்’னு போடலாமா?” என்று கதைக்காரி கேட்டதற்கு, “வேண்டாம்மா, அப்புறம் வந்தாகணும்ல?” என்றார் சிவப்பு மை.

நீர்ச்சறுக்கை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தியோடு அவர்தான் வந்தார். அந்த இடத்தில் புதிதாக ஒரு ராக்கெட் சவாரி வருகிறது. அதன் வாசலில் நிற்கப் புதுப் பாத்திரமும் வருகிறது. தொப்பையின் வேஷம் மகா கனம். வெயிலில் அதற்குள் நிற்கிறவர்கள் அடிக்கடி மயங்கி விழுகிறார்கள். ஆகவே இனிமேல் தொப்பை கிடையாது.

“கடைசியா ஒரு இதழ் போட்டு வழியனுப்பிடலாமே” என்றார் ஓவியர்.

“ஐயையோ! வேற வினையே வேண்டாம். வழியனுப்பினா புள்ளைங்க அழும். அழுதா அம்மா அப்பா ஃபோன் பண்ணுவாங்க. அவன் போனதே யாருக்கும் தெரியக் கூடாது. புள்ளைங்க மறக்கணும். மறந்துட்டோம்ங்கறதே தெரியாம மறக்கணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அறையில் இருந்த எல்லாருக்கும் கதைக்காரியின் கணவர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று தெரியும். சிவப்பு மை பேனா மூடியைத் தேடினார். ஓவியர் இருமினார். கதைக்காரி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “பண்ணிடலாம் சார். சில மாசம் டைம் குடுங்க” என்றாள்.

அவள் வீம்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்குமே, அப்படித்தான் அந்த நாட்களில் அவளுக்கு எல்லாமே இருந்தது. பஸ் ஏறினாள், வேலை பார்த்தாள், சாப்பிட்டாள். யாராவது ஜோக் அடித்தால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அழவில்லை. அடக்கிக்கொண்டாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்தார்கள். அடக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கணவர் குளிர்சாதன மெக்கானிக். ஐஸ்கிரீம் கடை, மருந்துக் கிடங்கு, மீன் கிடங்கு என்று ஊரில் குளிர வேண்டிய இடத்திலெல்லாம் அவர் கை பட்டிருக்கும். ஒரு நாள் காலை வேலைக்குப் போகிற வழியில் சிவப்பு விளக்குக்காக வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியோடு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் அப்பா வைத்த பெயர் சில்லு. வளர்ந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. கதைக்காரியின் அக்கா பள்ளிக்கூடத்துக்கே போய் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் ஆகி, வந்தவர்கள் கிளம்பி, வாடகை நாற்காலிகளும் போன பிறகுதான் சில்லு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

“அப்பா எங்க?”

“கப்பல்ல” என்றாள் அக்கா, கண் இமைக்காமல். “பெரிய கப்பல்டி செல்லம். அதுக்குள்ள நம்ம வீடு சைஸுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. அது ரிப்பேர் ஆயிடுச்சு. உங்கப்பா வந்தாதான் ஆகும்னு கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

கதைக்காரி சமையலறையில் நின்று இதைக் கேட்டாள். வெளியே வந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியதெல்லாம், பரவாயில்லை, கதை நம்புகிற மாதிரி இருக்கிறது, வீடு சைஸ் ஃப்ரிட்ஜ் நல்ல இடம் என்பதுதான். தொழில் புத்தி எங்கே போகும்?

அன்று மாலை அக்கா கிசுகிசுத்தாள். “ஆறு வயசுப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? நீ முதல்ல எந்திரிச்சு உக்காரு. நீ கொஞ்சம் தேறினதும் சொல்லிக்கலாம்.”

“வேற யாராவது சொல்லிட்டா?”

“யாரு சொல்லுவா? ஸ்கூல்ல டீச்சர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பக்கத்து வீட்லயும் சொல்லியாச்சு. நான் பாத்துக்கறேன், நீ வாய மூடிட்டு இரு.”

அக்கா பார்த்துக்கொள்கிறேன் என்றால் பார்த்துக்கொள்வாள். தன் வீட்டை அம்போவென்று விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கியிருந்தாள். அக்கா இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனாலும் ஒன்று மட்டும் கதைக்காரிக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்தவர் வாயிலிருந்து தெரியவந்தால் இந்தப் பெண் ஜென்மத்துக்கும் தன்னை நம்ப மாட்டாள். அதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வரும். துணி துவைப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்று தோன்றும்.

சில்லு முதலில் தினமும் கேட்டாள். கப்பலில் ஃபோன் இல்லையா? டவர் கிடைக்காது. லெட்டர் போட முடியாதா? கடல்ல போஸ்ட்மேன் நீந்தியா வருவார்? கேள்வி நீண்டால் அக்கா, “அட, அங்க பாரு, புறா!” என்பாள். கதைக்காரியின் வழி வேறு. மகளின் தாடையை மெதுவாகப் பிடித்து வேறு பக்கம் திருப்பி, “உன் ரப்பரு அங்க கிடக்கே, எடுத்து வச்சியா?” என்பாள். சில்லு புறாவைப் பார்ப்பாள், ரப்பரை எடுத்து வைப்பாள். சமர்த்துக் குழந்தை.

ஆபீசில் தொப்பை வேலை நடந்துகொண்டிருந்தது. ஓவியர் படக்கதையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“கொல்றதா இருந்தா நேரா கொல்லணும்மா. இது என்ன, சாப்பாட்டுல மெதுவா விஷம் வைக்கிற மாதிரி!” என்று கத்திவிட்டு, எதிரில் இருப்பது யார் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இந்தக் கட்டத்துல அவன் முதுகு மட்டும் தெரிஞ்சா போதும் சார்” என்றாள் கதைக்காரி.

அவளுக்கு இது நன்றாகவே வந்தது. முதல் இதழில் தொப்பையை எல்லாக் கட்டங்களிலும் ஓரத்துக்குத் தள்ளினாள். அடுத்ததில் முதுகு. அதற்கடுத்து சுவருக்குப் பின்னாலிருந்து குடையின் நுனி மட்டும். பிறகு உருவமே இல்லாமல் ஒரு குரல். பிறகு குரலும் போய், ‘தொப்பைக்கு வேலை இருக்கு’ என்று பம்பரம் போகிற போக்கில் சொல்லும். கடைசியில் அதுவும் வேண்டியதில்லை. ஆனால் உருவத்தை எடுப்பது சுலபம். ஒருத்தர் போனால் அவர் செய்துகொண்டிருந்த வேலைகள் அப்படியே காலியாக நிற்கும். அந்தக் காலியிடம்தான் குழந்தைகள் கண்ணில் படும். அதனால் தொப்பையின் குடையை ஊசியிடம் கொடுத்தாள். கடகடவென்ற சிரிப்பை லொடலொடாவுக்குக் கொடுத்தாள். படகு கிளம்புவதற்கு முன் எல்லாரும் ஏறியாச்சா என்று தலையை எண்ணுகிற வேலை பம்பரத்துக்குப் போனது. சிவப்பு மை பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பேனாவைத் திறக்கவே இல்லை. இப்படி ஒரு வேலையைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

வீட்டில் அக்காவும் சும்மா இல்லை. கதைக்காரியின் கணவருடைய சட்டைகளில் நல்லதையெல்லாம் தன் வீட்டுக்காரருக்கு எடுத்து வைத்தாள். செருப்பு ஸ்டாண்டில் அவர் செருப்பு இருந்த தட்டில் சில்லுவின் விளையாட்டு ஷூ ஏறியது. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலி துணி மடிக்கிற அறைக்குப் போனது. படுக்கப் போகுமுன் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இப்போது அதைக் கதைக்காரி பார்த்தாள். சில்லுவுக்கு ஷூ லேஸ் கட்டுவதும் அவர் வேலைதான். அக்கா லேஸ் இல்லாத ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

ஆபீசிலும் வீட்டிலும் நடப்பது ஒரே வேலைதான் என்று கதைக்காரிக்கு உறைக்கவில்லை. அவளுக்கு அப்போது எதுதான் உறைத்தது?

நாள் ஆக ஆக சில்லு கேட்பது குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றது. அக்காவுக்குப் பெரிய நிம்மதி.

“பாத்தியா? மறந்துட்டா. நான்தான் சொன்னேன்ல? குழந்தைங்க மனசு அப்படித்தான். நாமதான் கிடந்து அல்லாடறோம்.”

கதைக்காரி தலையாட்டினாள். மகள் அப்பாவை மறந்துவிட்டாள் என்று கேட்டு சந்தோஷப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று யோசித்துப் பார்த்தாள். இரண்டும் வரவில்லை. சரி, இனி அவசரமில்லை, நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மட்டும் தோன்றியது.

தொப்பை அறவே இல்லாத முதல் இதழ் தயாரானதும் அதை வாசிப்பு அறைக்குக் கொண்டுபோனார்கள். இந்த வாசிப்பு அறை என்பது பூங்கா அலுவலகத்தின் ஒரு வழக்கம். எந்த இதழும் அச்சுக்குப் போகும் முன் ஒரு சனிக்கிழமை காலை, ஊழியர்களின் குழந்தைகள் வந்து படிப்பார்கள். தரையில் தடிமனான கம்பளம், உயரம் குறைந்த அலமாரி, ஆளுக்கொரு ஜூஸ். டீச்சர் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு பெண் அவர்களோடு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. குழந்தைகளுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல். அங்கே ஒரு ஸ்பீக்கரும் மூன்று நாற்காலியும் இருக்கும். சில்லு நாலு வயதிலிருந்து இந்த அறைக்கு வருகிறவள். அங்கே அவளுக்குத் தான் பெரிய மனுஷி என்ற நினைப்பு.

அன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், வழக்கமாக இங்கே வராத சிவப்பு மை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஓவியர் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கதைக்காரி நடுவில். அந்தப் பக்கம் குழந்தைகள் படித்தார்கள், பம்பரம் படகிலிருந்து விழுகிற இடத்தில் சிரித்தார்கள். படித்து முடித்ததும் டீச்சர் கேட்டார்.

“சரி, கதையில யார் யார் வந்தாங்க? சொல்லுங்க பாப்போம்.”

“பம்பரம்!” “ஊசி!” “லொடலொடா!” “அந்தப் படகுக்காரத் தாத்தா!”

“வேற யாராவது?”

 ஒரு குழந்தை உறிஞ்சுகுழலால் ஜூஸ் டப்பாவின் அடியைக் குடைந்துகொண்டிருந்தது. சிவப்பு மை கதைக்காரியின் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்தினார்.

அப்போதுதான் மழலை மாறாத ஒரு வாண்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தவள், இதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “தொப்பை எங்க?”

சிவப்பு மையின் விரல் அப்படியே நின்றது. அந்தப் பக்கம் டீச்சர் வாயைத் திறந்தார். திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். அதற்குள் சில்லு நகர்ந்து வாண்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“தொப்பைக்கு வேலை இருக்கு” என்றாள். குரலில் பதற்றமே இல்லை. வாண்டின் தாடையை மெதுவாகப் பிடித்து இதழின் பக்கம் திருப்பினாள். “அட, இங்க பாரு! பம்பரம் எப்படி விழுது பாரு. தொப்புன்னு!”

வாண்டு பார்த்தது. சிரித்தது. டீச்சர் மூச்சு விட்டார்.

சிவப்பு மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “யாருங்க அந்தப் பொண்ணு? பெரிய ஆளா வருவா! இப்பவே வேலைக்கு எடுத்துக்கலாம் போலிருக்கே” என்றவர், யாருடைய பெண் என்று தெரிந்ததும் இன்னும் பெரிதாகச் சிரித்தார். “அப்படிப் போடுங்க! அம்மா கைவரிசை அப்படியே வந்திருக்கு. இதழ் ஓகே, அச்சுக்கு அனுப்பிடலாம்.”

ஓவியர் கண்ணைத் திறந்து கதைக்காரியைப் பார்த்தார்.  அவள் பார்வை கண்ணாடியிலேயே இருந்தது. அந்தச் சின்னக் கை வாண்டின் தாடையைப் பிடித்த விதம், வலிக்காமல், தப்பவும் விடாமல். அது அவளுடைய கை.

பூங்காவின் பின் வாசலுக்கு எதிரே பஸ் நிறுத்தம். வெயில் ஏறியிருந்தது. கூரைத் தகடு சூட்டில் படபடவென்று சத்தம் போட்டது. சில்லு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“சில்லு, அந்த வாண்டுகிட்ட ஏன் அப்படிச் சொன்னே?”

“எப்படி?”

“தொப்பைக்கு வேலை இருக்குன்னு.”

“அவ கேட்டுட்டாம்மா.” அம்மாவுக்கு இதுகூடப் புரியவில்லையே என்பது போல ஒரு பார்வை. “அதெல்லாம் கேக்கக் கூடாது. அவ சின்னப் புள்ளதானே, தெரியல.”

“ஏன் கேக்கக் கூடாது?”

“கேட்டா பெரியவங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். டீச்சருக்குக்கூட ஆச்சு. நான் பாத்தேன்.”

“தொப்பை இல்லைன்னு உனக்கு எப்போ தெரியும்?”

“முன்னாடியே. செவுத்துக்குப் பின்னாடி நின்னப்பவே தெரியும். எல்லாருக்கும் தெரியும்மா. ஜூஸ் குடிக்கறப்ப நாங்க பேசிப்போம். டீச்சர் வந்தா நிறுத்திடுவோம். அவங்க பாவம்.”

ஆக, இத்தனை மாதம் உழைத்து யாருக்கும் தெரியாமல் செய்த வேலையின் லட்சணம் இதுதான். குழந்தைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, பெரியவர்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று பொத்தி வைத்திருக்கிறார்கள். கதைக்காரிக்கு வேலையைப் பற்றிய கவலை எழவில்லை. கன்னத்தில் அனல் அடித்தது. வெகு நாளைக்கப்புறம் உடம்பில் ஓர் இடம் தன்னுடையது என்று தெரிந்தது.

“சில்லு” என்றாள். “அப்பா வந்து...”

அவ்வளவுதான் சொன்னாள். சில்லு பெஞ்சில் முட்டி போட்டு எழுந்து, கையை நீட்டி, அம்மாவின் தாடையைப் பிடித்து ரோட்டின் பக்கம் திருப்பினாள்.

“அம்மா, அங்க பாரு, மஞ்ச லாரி! எவ்ளோ பெருசு!”

கதைக்காரி பார்த்தாள். மஞ்சள் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒன்றும் பெரிய லாரி இல்லை. இத்தனை நாளும் மகள் மறக்கவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. வீட்டில் அப்பா பேச்சு வராமல், அம்மா முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதை ஆறு வயசுக் குழந்தை ஒரு வேலையாகவே எடுத்துச் செய்திருக்கிறாள். தானும் அக்காவும் சட்டை கொடுத்து, நாற்காலி மாற்றி, ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் ஒவ்வொரு கேள்வியாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

தாடையில் இருந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

“லாரி போகட்டும். நான் சொல்றதக் கேளு. அப்பா கப்பல்ல இல்ல. கப்பலே கிடையாது. அப்பா செத்துட்டாரு. வேலைக்குப் போற வழியில, வண்டியில இருக்கறப்பவே அவருக்கு நெஞ்சு நின்னுபோச்சு. திரும்பி வர மாட்டாரு. கப்பல்னு உன்கிட்ட சொன்னது பொய். பெரியம்மா சொன்னா. நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு சும்மா இருந்தேன். தப்பு என்மேலதான்.”

சில்லு அழவில்லை. அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள், நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொரு இடமாக. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

“இனிமே கேக்கலாமா?”

“கேக்கலாம்.”

“உன் மூஞ்சி?”

“ஒரு மாதிரி ஆனா ஆயிட்டுப் போகுது. நீ கேளு.”

அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். கதைக்காரி கையை ஆட்டிப் போகச் சொன்னாள். சில்லு கேட்க ஆரம்பித்தாள். இத்தனை நாளும் உள்ளே அடுக்கி வைத்திருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அப்பா ஹெல்மெட் போட்டிருந்தாரா? போட்டிருந்தாரு. வலிச்சுதா? வலிச்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு, எனக்குத் தெரியாது. வண்டி எங்க? சித்தப்பா வீட்ல நிக்குது. அப்பாவை யாரு தூக்குனா? ரோட்டுல போனவங்க தூக்குனாங்க. அவங்க பேரு என்ன? தெரியலையே, கேக்காம விட்டுட்டேன். நான் அப்ப ஸ்கூல்லயா இருந்தேன்? ஆமா. நான் அப்ப சிரிச்சுட்டு இருந்தேனா?

“தெரியலடி” என்றாள் கதைக்காரி. “சிரிச்சிருந்தாலும் தப்பில்ல.”

சில்லு யோசித்தாள். காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

“செத்துட்டோம்னு அப்பாவுக்குத் தெரியுமா?”

கதைக்காரிக்குக் கதை சொல்லத் தெரியும். இந்தக் கேள்விக்கு அழகாக ஏதாவது சொல்ல முடியும். சொல்லவில்லை.

“தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன். எல்லாம் சட்டுன்னு நடந்துபோச்சு.”

“அப்போ அவர்கிட்டயும் யாரும் சொல்லலையா?”

பதில் சொல்லத்தான் கதைக்காரி வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.